ஆத்தா போட்டிருந்த பூட்ஸ்

அக்டோபர் 19, ஞாயிறு

இந்த ஆண்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போன ஆண்டு கேட்டபோது, "அண்ணன் போயி வருஷம் திரும்பல அண்ணி, தீட்டு இருக்கு" என்றார் என் கொழுந்தன் கலியபெருமாள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது வருடம் திரும்பிவிட்டது. செப்டம்பரில் திதியும் கொடுத்தாகிவிட்டது. இன்று கோயில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்தத் தடவ தீமிதிக்கு நானும் காப்புக் கட்டிக்கிறேன்" என்றேன். கொழுந்தன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு சொல்கிறார்:

"புருஷன இழந்தவங்க காப்புக் கட்டிக்கிற வழக்கம் நம்ம கோயில்ல இல்லீங்களே அண்ணி."

"இத ஏன் போன வருஷமே சொல்லல?"

"போன வருஷந்தான் தீட்டுன்னு ஒண்ணு இருந்துச்சே. அதுவே போதும்னு விட்டுட்டேன்."

அண்ணன் தம்பி இருவரும் காரைக்காலிலிருந்து இந்தப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. காரைக்காலில் இருக்கிற வழக்கத்தைவிட இங்கே இரண்டு மடங்கு வழக்கம். கடல் தாண்டினால் கெடுபிடி கூடிவிடும் போலிருக்கிறது. கோயிலில் இருப்பவளோ திரௌபதி. சபையில் எழுந்து கேள்வி கேட்டவள். அவள் சந்நிதியில் தையல்நாயகி நான் எழுந்து கேட்டால் மட்டும் ஆகாதாம்.

எதற்காக நெருப்பு மிதிக்க வேண்டும் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்டோபர் 20

சௌசௌ கொடியைப் பந்தலில் ஏற்றிக் கட்டினேன். மாவு அரைத்தேன். கொழுந்தன் வீட்டுக்கு வழக்கமாகக் கொடுத்தனுப்பும் மாவை அனுப்பவில்லை. அவர்கள் ரொட்டி தின்னட்டும்.

அக்டோபர் 25, சனி

எரிமலை திறந்துகொண்டது. காலையில் சமையலறை ஜன்னல் வழியாகவே புகை தெரிந்தது. இங்கே யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ரொட்டிக் கடைக்காரர்கூட, "அவ எழுந்துட்டா போல" என்று சொல்லிக்கொண்டே மீதிச் சில்லறை கொடுத்தார். குழம்பு சரிவில் இறங்கிக் கடல் பக்கமாகப் போகிறதாம். ஊர்ப் பக்கம் இல்லை. குறியிட்ட பாதையில், வழிகாட்டியோடு மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று வானொலியில் சொன்னார்கள்.

சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. இவர்கள் வெட்டுகிற குழியில் இறங்கத்தானே இவர்கள் அனுமதி வேண்டும்? அந்த மலையில் இருப்பது ஆத்தாளே மூட்டிய நெருப்பு. அதற்குக் கமிட்டி கிடையாது.

போகிறேன்.

அக்டோபர் 28

மகள் பிரான்ஸின் லியோனிலிருந்து போனில் கத்தினாள். "ஒனக்குப் பைத்தியமாம்மா? அம்பத்தேழு வயசுல மலை ஏறப்போறியா? மாடிப்படி ஏறுனாலே முட்டி வலிக்குதும்ப."

"மாடியில பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. அதான் வலிக்குது" என்றேன்.

வழிகாட்டி கிடைத்துவிட்டாள். பெயர் ஜிஸ்லேன். நாற்பது வயதிருக்கும், தோளெல்லாம் கருங்காலி மரம். அவள் பாட்டனுக்குப் பாட்டன் நம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். அவளுக்குத் தெரிந்த தமிழ் 'சாமி', 'வா', இரண்டுதான். நாங்கள் பிரெஞ்சில் பேசிக்கொள்கிறோம். என் ரப்பர் செருப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கடைக்கு அழைத்துப் போய் கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் வாங்க வைத்தாள். எண் 38. போகும் நாள் வரை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்கு என்றாள். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது சாம்பார் தாளித்தேன். வீட்டுக்காரர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஆறின குழம்புப் பாறை கண்ணாடி மாதிரி. விழுந்தால் உள்ளங்கை கீறி வந்துவிடும், அதனால் தோல் கையுறை கட்டாயம் என்றாள். அன்னாசிச் செடி முள்ளுக்கு வாங்கின கையுறை இருக்கிறது என்றேன். அதுவே போதுமாம்.

நவம்பர் 1

விஷயம் கசிந்துவிட்டது. கொழுந்தன் நேரில் வந்தார். காப்பி கொடுத்தேன். மாவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"பொம்பள ஒண்டியா எரிமலைக்குப் போனா ஊரு என்ன பேசும் அண்ணி?"

"வழிகாட்டி வருது தம்பி. அதுவும் பொம்பளதான்."

"அதாங்க சொல்றேன். தொணைக்கு நான் வர்றேன். ஆத்தாளுக்கு ஒரு கற்பூரமாவது காட்டிட்டு வரணும். நாப்பது வருஷமா கரகம் தூக்கி முன்னால எறங்குறவன் நான். நெருப்பப் பத்தி எனக்குத் தெரியாததா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் இவர் அண்ணனுக்கு இதே பிடிவாதம், இதே மூக்கு. காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் விதம்கூட அப்படியே. சரி, வாங்க என்றேன். அனுதாபத்தால் இல்லை. சுமை தூக்க ஆள் வேண்டும்.

நவம்பர் 5

அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு பின்கட்டு மேட்டில் ஏறி இறங்கினேன். முட்டி பேசுகிறது. பேசட்டும்.

நவம்பர் 7, வெள்ளி

மாலை ஜிஸ்லேன் வந்து எங்கள் பைகளைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தாள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், விசில், நெற்றி விளக்கு, மழைச்சட்டை, வெள்ளித்தாள் போர்வை. கொழுந்தன் பையில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம், ஒரு சீப்பு வாழைப்பழம். தண்ணீர் அரை லிட்டர். "ஆத்தா பாத்துக்குவா" என்றார். "ஆத்தாவுக்கும் தாகம் எடுக்கும்" என்று அவர் பையில் இரண்டு பாட்டில் திணித்தேன். காலுக்குப் பழைய ஓட்டப்பந்தய ஷூ கொண்டுவந்திருந்தார். ஜிஸ்லேன் முகம் சுளித்தாள். அதற்குமேல் நேரமில்லை.

காற்று எப்போதும் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்றாள். முகத்தில் அடித்தால் விஷப்புகை நம்மேல் வருகிறது என்று அர்த்தம், பேச்சை விட்டுவிட்டு நடக்க வேண்டும். பள்ளத்தில் நிற்கக்கூடாது, புகை அங்கேதான் தேங்கும். திரும்பிப் போகும் வழியில் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும், குழம்பு சுற்றிக்கொண்டு வந்து பின்னாலிருந்து வழியை அடைத்துவிடும். மேகம் இறங்கினால் நடக்காதே, பாறையில் வெள்ளைச் சாயம் அடித்த குறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசில் ஊது. கடைசியாக, எது நடந்தாலும் பூட்ஸைக் கழற்றாதே.

எல்லாவற்றையும் நான் தமிழில் சொன்னேன். கொழுந்தன் தலையை ஆட்டிக்கொண்டே வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 8, சனி

கிளம்புகிறோம். இட்லியில் பொடி தடவிக் கட்டியாயிற்று. பயமா? இல்லை. இரண்டு தடவை கழிவறைக்குப் போனது தண்ணீர் நிறையக் குடித்ததால்.

நவம்பர் 10, திங்கள்

வலக்கையில் கட்டு. எழுத்து கோணலாகத்தான் வரும்.

நல்லபடியாகத்தான் ஏறினோம். காட்டைத் தாண்டியதும் கறுப்புப் பாறை வெளி. மரம் கிடையாது, புல் கிடையாது, குருவிச் சத்தம் கிடையாது. காலடியில் கண்ணாடி வளையல் நொறுங்குகிற மாதிரி சத்தம். பகல் உச்சிக்கு வரும்போது ஜிஸ்லேன் கை காட்டினாள்.

ஆறு மாதிரி ஓடும் என்று நினைத்திருந்தேன். ஓடவில்லை. கறுத்த தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு சிவப்பு நாக்கு வெளியே வருகிறது, ஆப்ப மாவு சட்டியில் பரவுவது போலப் பரவுகிறது, கொஞ்ச நேரத்தில் மேலே சாம்பல் நிறத்தில் தோல் பூத்துவிடுகிறது. அப்புறம் வேறொரு இடத்தில் கிழிகிறது. வெக்கை முகத்தில் அறைந்தது. நான் கும்பிடவில்லை. உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது என்று மனதுக்குள் சொன்னேன்.

கொஞ்ச நேரம்தான். காற்று பக்கவாட்டில் திரும்பியது. தீக்குச்சியும் அழுகின முட்டையும் கலந்த வாடை தொண்டையைப் பிடித்தது. ஜிஸ்லேன் மேலே திரும்பிப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். இன்னொரு கிளை நாங்கள் வந்த பாதையை நோக்கி வருகிறதாம். தான் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகவும், நாங்கள் நின்ற இடத்தைவிட்டு அசையக்கூடாது என்றும் சொல்லிவிட்டு மேட்டுக்கு ஓடினாள். அதையும் தமிழில் சொன்னேன். அசையாதீங்க தம்பி என்று வேறு அழுத்திச் சொன்னேன்.

பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிமிர்கிறேன். கொழுந்தன் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். காலுறையை மடித்து ஷூவுக்குள் பத்திரமாக வைக்கிறார், கோயில் வாசலில் வைப்பது போல.

"என்ன பண்றீங்க?"

"ஆத்தா முன்னால செருப்புக் காலோட நிக்கிறதா? ஒரு கற்பூரம் காட்டிட்டு வந்துர்றேன்."

"அது கல்லு தம்பி! காலக் கிழிச்சிரும்!"

"சாம்பல் பூத்துருச்சு பாருங்க அண்ணி. இதான் பதம்."

தீக்குழியில் கங்கின் மேல் சாம்பல் பூத்தால்தான் இறங்கலாம். அது அவருக்கு அத்துப்படி. அந்தப் பதத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லித்தான் ஊரே ஒவ்வொரு வருடமும் அவர் முகத்தைப் பார்த்து நிற்கும். அந்தப் பழகின கண்தான் அன்றைக்கு அவரைக் கவிழ்த்தது. வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு, இடுப்பில் மஞ்சள் துண்டோடு, மனிதர் இறங்கி நடந்துவிட்டார்.

முதல் சில அடி வேகம். அப்புறம் நின்றுவிட்டார். வெற்றிலை விழுந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் ஒவ்வொரு தடத்திலும் இரத்தம். பக்கத்து விரிசலுக்குள் சிவப்புத் தெரிந்தது.

"அண்ணி" என்றார். கூப்பிட்ட குரல் ஐந்து வயதுப் பையன் குரல்.

ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வரத்தான் உடம்பு துடித்தது. ஓடியிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். விசிலை எடுத்து நெஞ்சு வலிக்க ஊதினேன். அப்புறம் அவர் ஷூ ஒன்றை எடுத்து அவர் காலடிக்கு எறிந்தேன். சரியாக விழுந்தது. இரண்டாவது கைதவறி விரிசலுக்குள் போய், ரப்பர் புகைந்து, பக்கென்று பிடித்துக்கொண்டது.

"போட்டுக்குங்க!"

"ஆத்தா மேல எப்புடி அண்ணி செருப்புப் போட்டு..."

வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம். "யோவ் கலியபெருமாளு! போடுறியா, இல்ல காலையே அவகிட்ட குடுத்துட்டு வர்றியா?" கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேசாமல் போட்டுக்கொண்டார்.

மற்றக் காலுக்கு? என் பூட்ஸைக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் குனிந்தே விட்டேன். எது நடந்தாலும் கழற்றாதே. நிமிர்ந்தேன். வலக்கைக் கையுறையைக் கழற்றி, பாட்டிலில் மாட்டி, எறிந்தேன். "இத முன்பாதத்துல மாட்டு. துண்ட நாலா மடிச்சு சுத்திக் கட்டு. போன தடத்துலயே திரும்பி வா. புது எடத்துல கால் வைக்காத." ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு, தோட்டக் கையுறையைக் காலில் மாட்டிக்கொண்டு, நாற்பது வருடம் கரகம் தூக்கினவர் வந்தார். மலை ஏற ஊன்றி வந்த குச்சியை நீட்டினேன். பிடித்துக்கொண்டதும் இழுத்ததில் நானும் சேர்ந்து விழுந்தேன். கையுறை இல்லாத கை பாறையில். அதுதான் இந்தக் கட்டு.

ஜிஸ்லேன் இறங்கி வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. வந்த பாதை போய்விட்டது. காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மேலே ஏறி, சுற்றித்தான் போக வேண்டும். ஆளுக்கு ஒரு தோள் கொடுத்தோம். இருமல், கண்ணீர், என் முட்டி, எல்லாம் சேர்ந்து வந்தன. வாடை குறைந்ததும் வெள்ளைக் குறி ஒன்று தெரிந்தது. அங்கே உட்கார வைத்தோம். போனில் சிக்னல் இல்லை. மேகம் வேறு கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. அது மூடுவதற்குள் முகட்டுக்குப் போய் 112 அழைக்கிறேன், நீங்கள் இந்தக் குறியைவிட்டு நகராதீர்கள், நான் வெள்ளைக் குறிகளைத் தொட்டுக்கொண்டே திரும்பி வருவேன் என்று சொல்லி அவள் போய்விட்டாள். சீக்கிரமே எல்லாம் வெள்ளை. என் காலே எனக்குத் தெரியவில்லை.

அவர் பாதத்தில் குடிதண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"திருநீறு இருக்கு அண்ணி, கொஞ்சம் வச்சு..."

"தண்ணி மட்டுந்தான். சும்மா இருங்க."

சுத்தமான துணியை மேலே போட்டு, வெள்ளித்தாளில் சுற்றி, அவ்வப்போது மூன்று விசில். ஊதுவதற்கு நடுவில் கேட்டேன்: "இப்பவாச்சும் சொல்லுங்க. ஏன் என்னய மிதிக்க விடல?"

வெள்ளித்தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "நீங்க மிதிச்சு, உங்க காலுக்கு ஒண்ணும் ஆவலன்னா? அப்புறம் எங்க வழக்கம் என்னாவுறது?"

சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்தால் தொண்டை எரிந்தது.

"நான் ஏன் மிதிக்கணும்னு தெரியுமா உங்களுக்கு? உங்கண்ணன் ஐசியுல கெடந்தப்ப, இவரப் பொழைக்க வையி, நான் நெருப்பு மிதிக்கிறேன்னு அவகிட்ட சொன்னேன்."

"அண்ணன்தான் பொழைக்கலையே. அப்ப வேண்டுதலே இல்லையே அண்ணி."

"அவ சொல் காப்பாத்தல. அதுக்காக நானும் தவறணுமா? எம்மூஞ்சியப் பாத்துட்டு அவ நாண்டுக்கிட்டு நிக்கட்டும்."

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். கால் வலியாகத்தான் இருக்கும். எனக்கும் கண்ணில் தண்ணீர், அது புகை. அப்புறம் மேகத்துக்குள்ளிருந்து ஜிஸ்லேன் குரல் கேட்டது: "சாமி! சாமி!" அவளுக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். விசில் ஊதிப் பதில் சொன்னேன். இருட்டுவதற்கு முன்னால் மீட்புப் படையினர் தூக்குப் படுக்கையோடு வந்துவிட்டார்கள்.

நவம்பர் 16

ஆஸ்பத்திரி. கொழுந்தனுக்கு இரண்டு பாதத்திலும் கட்டு. வலது குதிகாலில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்திருக்கிறார்கள். விரல் எல்லாம் தப்பிவிட்டது. கட்டிலைச் சுற்றி கமிட்டி ஆட்கள். நான் கதவண்டை வரும்போதே கேட்டது.

"...பொகைக்கு நடுவுல மஞ்சப் பொடவை கட்டிக்கிட்டு ஒருத்தி. கைய நீட்டுனா. அவ்வளவுதான் தெரியும் எனக்கு. ஆத்தாதான் வந்து தூக்குனா."

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் கொழுந்தன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

கொண்டுபோன ரசத்தை மேசைமேல் வைத்தேன். "என் கையுறைய எங்க வச்சிருக்கீங்க? அன்னாசிச் செடி வெட்டணும்" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 17

அவர் பிழைத்தது போதும் என்று எழுத நினைத்தேன். போதாது. வயிறெரிகிறது.

நவம்பர் 30

அன்னாசி வெட்டினேன், ஒற்றைக் கையுறையோடு. முள் குத்தியது. ஒவ்வொரு முள்ளுக்கும் அவர் பெயரைச் சொன்னேன்.

டிசம்பர் 10, புதன்

காப்புக் கட்டு. யாரும் கூப்பிடவில்லை. தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் புடவைக்காரியைப் பற்றியே பேசுகிறார்களே, வந்து பார்க்கட்டும் என்று.

கொழுந்தனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். இந்த வருடம் அவர் இறங்க முடியாது, காப்புக் கயிறு எடுத்துக் கொடுப்பது மட்டும் அவர். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பூசாரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கமிட்டியில் ஒருவர், "அம்மா, போன மாசந்தான் ஆத்தாளே நேர்ல வந்து நம்மள எச்சரிச்சிருக்கா. இந்த நேரத்துல வழக்கத்த மீற வேணாமே" என்றார். இந்த வருடத்துக்கு இப்போது புதுக் காரணம்!

"வந்தாளா? நானும் அங்கதான் இருந்தேன்" என்றேன். குரல் கோபுரம் வரை கேட்டிருக்கும். "என்ன போட்டிருந்தான்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. மஞ்சப் பொடவை இல்ல. தோல் பூட்ஸ், முப்பத்தெட்டாம் நம்பர். ஒரு கையில கையுற, இன்னொரு கை வெறுங்கை." கட்டு அவிழ்த்த உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

எல்லாரும் கொழுந்தனைப் பார்த்தார்கள், தீக்குழிக்குப் பதம் கேட்டுப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அவர் தலை குனிந்திருந்தது. அப்புறம் மடியில் போட்டிருந்த துண்டுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தார். கருகி, சுருங்கி, இரத்தம் காய்ந்து, என் கையுறை.

காப்புத் தட்டில், கயிறுகளுக்கு நடுவில் வைத்தார். பூசாரி பதறிவிட்டார்.

"இதப் போட்டுக்கிட்டுத்தான் நான் திரும்பி வந்தேன்" என்றார். "அண்ணியோடது. பொகைக்குள்ள வந்தது அண்ணிதான். வேற யாரும் வரல." அப்புறம் பூசாரியைப் பார்த்து அதட்டினார்: "பாத்துக்கிட்டு நிக்கிற? கட்டுய்யா."

கட்டினார்கள்.

வரும் வழியில் இரண்டு டப்பா மாவு கொழுந்தன் வீட்டில் கொடுத்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்று கழற்றினேன். பூட்ஸைத்தான். கோயில் வரை அதைப் போட்டுக்கொண்டே போய், குழிக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, ஒவ்வொரு கயிறாக அவிழ்த்துக் கழற்றி வைத்தேன். சக்கர நாற்காலியிலிருந்து கொழுந்தன் சாம்பலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பதந்தான் அண்ணி. இந்தத் தடவ நெசமாவே பதம்" என்றார்.

ஜிஸ்லேன் கூட்டத்தில் நின்று "வா! வா!" என்று கத்தினாள்.

ஓடவில்லை. நடந்தேன். நடுவில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: நீ சொன்னதச் செய்யல. நான் சொன்னதச் செஞ்சிட்டேன். அப்புறம் என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னேன், தட்சிணாமூர்த்தி என்று, வாய்விட்டு. மறுபக்கம் ஏறினதும் பால் ஊற்றிய குழியில் கால் வைத்தேன். அழுதேன். இது புகை இல்லை.

இரவு கால் கழுவும்போது பார்த்தேன். வலது உள்ளங்காலில் நெல்லிக்காய் அளவு ஒரு கொப்புளம். கலியபெருமாளிடம் சொல்வதாக இல்லை.